பலகையும் பதிவேடும்: சேலம்–நாமக்கல் சமவெளியில் ‘எங்கள் மாணவர்’ என்னும் உரிமையின் வரலாறு

பழைய உயர்நிலைப் பள்ளி எதற்குப் போனாலும் தலைமையாசிரியர் அறையில் இரண்டு பொருள்களைப் பார்க்கலாம். சுவரில் தலைமையாசிரியர்களின் பெயரும் பணிக்காலமும் எழுதிய பலகை. இரும்பு பீரோவுக்குள் மாணவர் சேர்க்கைப் பதிவேடு. பள்ளிக்கு வயது கூடக்கூட, ‘இங்கே பயின்ற பெரியோர்’ என்று இன்னொரு பலகையும் ஏறிக்கொள்ளும். ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவார். பதிவேட்டை அவர் கேட்பதில்லை. பிறந்த தேதியைத் திருத்த வந்தவரும், தொலைந்த டி.சி.க்கு நகல் கேட்டு வந்தவரும்தான் பீரோவைத் திறக்க வைப்பார்கள்.

பலகையில் ஏறியவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள், யாருக்கு அந்த வாசல் இல்லை என்பதைச் சொல்வது பதிவேடு. பழைய சேலம் ஜில்லாவின் சமவெளியை, குறிப்பாகச் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவிலிருக்கும் மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்தை, அந்தக் கண்ணோடு பார்க்க முயல்கிறேன். ஒரே பள்ளியில் படித்த பிரபலங்கள் என்று நீளப் பட்டியல் போடும் ஊர் இதுவன்று. அந்த இல்லாமைக்கு ஒரு வரலாறு உண்டு.

பட்டியல் உள்ள ஊரிலிருந்து தொடங்குவது வசதி. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி என்றதும் கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வருவார். அதே ஊரின் நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியில் அரசியலாளர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி படித்தார். இரண்டு தலைமுறை கழித்து வேளாண் அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதனும் அங்கே சில காலம் படித்தார். அந்தச் சாஸ்திரி பின்னாளில் தலைமையாசிரியராக இருந்த திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரை படித்தவர் எஸ்.சந்திரசேகர். வானியற்பியலுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றவர்.

காவிரித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22 அன்று. தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். அதனால் பிள்ளை கும்பகோணத்துப் பிள்ளையானது. அவருக்கு ஈரோட்டில் வேலை கிடைத்திருந்தால் கொங்கு நாட்டுப் பள்ளி ஒன்றின் சுவரில் அந்தப் பெயர் இருந்திருக்கும். சந்திரசேகர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். தகப்பனார் ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. குடும்பம் சென்னைக்கு வந்தது, பையன் திருவல்லிக்கேணியில் சேர்ந்தான்.

அதற்காகப் பள்ளிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1904-இல் டவுன் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ராமானுஜனுக்குக் கணிதப் பரிசு கொடுத்துப் பாராட்டியவர் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர். அடுத்துச் சேர்ந்த கல்லூரியில் கணக்கு தவிர மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார் அதே மாணவர். வெளிநாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. புடாபெஸ்டில் ஒரு லூத்தரன் பள்ளியில் கணித மேதை ஜான் வான் நாய்மனும் இயற்பியலாளர் யூஜின் விக்னரும் ஓராண்டு முன்பின்னாகப் படித்தார்கள். இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள்; ஆனாலும் அந்த வாசல் அவர்களுக்குத் திறந்திருந்தது. அவர்களுடைய கணித ஆசிரியர் ராட்ஸின் படத்தை விக்னர் பிற்காலத்தில் தம் அறையில் மாட்டி வைத்திருந்தார். பையனைக் கண்டுகொள்ள ஒரு வாத்தியார் வேண்டும். அதற்கு முன் பையன் அந்த வாத்தியாரின் வகுப்புக்குள் வந்து உட்கார வேண்டும். சேலம் ஜில்லா தட்டுத் தடுமாறியது இந்த இரண்டாவது காரியத்தில்.

1884-இன் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிகளை நடத்தின. ‘போர்டு ஹைஸ்கூல்’ என்ற பேச்சு வழக்கு அப்படி வந்தது. அது தாலுகா தலைநகரத்தின் அடையாளமாகவே வெகுகாலம் இருந்தது. மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமுமாக இருந்த கிராமத்துப் பிள்ளைக்கு அங்கே போக வண்டியோ, தங்க உறவினர் வீடோ வேண்டும். இந்த ஜில்லாவிலிருந்து மேலே வந்தவர்களின் படிப்பு வரலாறு இதனாலேயே ஓர் ஊர்ப்பயணக் குறிப்பு மாதிரி இருக்கிறது. ராஜாஜி தொரப்பள்ளியில் பிறந்தார், அன்று சேலம் ஜில்லாவிலிருந்த ஓசூரில் பள்ளிப் படிப்பு, பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-இல் மோகனூரில் பிறந்து நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் படித்துத் திருச்சிக் கல்லூரிக்குப் போனார். ஊர்ப் பெயர் கவிஞரோடு ஒட்டிக்கொண்டது. பள்ளியின் பெயரை யாரும் சொல்வதில்லை.

இந்த வட்டாரத்தில் ஒரே பள்ளியில் படித்த புகழ்பெற்றவர்கள் என்று ஒரு வீட்டை மட்டும் துணிந்து காட்டலாம். அந்தப் பள்ளி இருந்தது இங்கிலாந்தில்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப.சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அவரே சென்னை நியூயிங்டன் பள்ளியில் படித்தவர். தகப்பன் இறந்து, வாரிசு வயதுக்கு வராதிருந்தால் ஜமீனைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் எடுத்துக்கொள்ளும்; அந்த மைனர் வாரிசுகளை வைத்துப் படிக்கவைத்த இடம் நியூயிங்டன். கையில் காசு இருந்து, தலைக்குமேல் கேட்க ஆள் இல்லாதவனை நாம் ‘மைனர்’ என்பதும், அவன் கழுத்தில் கிடப்பது ‘மைனர் செயின்’ ஆனதும் இந்தச் சட்டச் சொல்லின் பரம்பரைதான் என்று நினைக்கிறேன். 1919 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் முதல்வர் டி லா ஹே தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு ஜமீன் வாரிசுகள் மீது பாய்ந்து, பம்பாய் வரை போய், விடுதலையில் முடிந்தது. சென்னையே அதைப் பற்றித்தான் பேசியது.

சுப்பராயன் தம் பிள்ளைகளை இன்னும் தொலைவுக்கு அனுப்பினார். 1913-இல் பிறந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலமும், 1916-இல் லண்டனில் பிறந்த மோகன் குமாரமங்கலமும் ஈட்டன் பள்ளியில் படித்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர்களை வரிசையாக ஈன்ற பள்ளி அது. மூத்தவர் அங்கிருந்து வூல்விச் ராணுவக் கல்விக் கழகம் போய் 1933-இல் பீரங்கிப் படை அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலையில் காட்டிய துணிவுக்கு டி.எஸ்.ஓ. விருது, அதே போரில் போர்க்கைதி. 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. இளையவர் கேம்பிரிட்ஜ் போய், அங்கே மாணவர் மன்றத் தலைவராகி, கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார். சென்னைச் சதி வழக்கில் கட்சித் தோழர் பி.ராமமூர்த்தியுடன் சிறைக்குப் போனார். அதே மனிதர் 1966-இல் சென்னை மாநில அட்வகேட் ஜெனரல். 1971-இல் மத்திய அமைச்சர். 1973 மே 31 அன்று டெல்லியில் விமானம் விழுந்து இறந்தார்.

பள்ளி மாணவரை உருவாக்குகிறது என்பவர்கள் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் பேரரசின் சீருடை அணிந்தார், மற்றவரைப் பேரரசு உள்ளே தள்ளியது. ஈட்டன் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தது கொள்கையை அல்ல. எந்த அறைக்குள்ளும் கூச்சமில்லாமல் நுழையும் தோரணையை. தங்கை பார்வதி 1919-இல் பிறந்தவர். ஈட்டன் ஆண்பிள்ளைகள் பள்ளி; அந்த வாசல் அவருக்குக் கிடையாது. ஆக்ஸ்போர்டில் படித்துக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்து, கோவைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான பார்வதி கிருஷ்ணன் அவர்தான்.

அதே திருச்செங்கோடு தாலுகாவில், புதுப்பாளையத்தில், 1925 பிப்ரவரியில் ராஜாஜியின் காந்தி ஆசிரமம் தொடங்கியது. திறந்து வைத்தவர் பெரியார். நூல் நூற்பும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் அங்கே வேலை. 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகிறார் (முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்), சுப்பராயன் கல்வி அமைச்சராகிறார். மாகாணத்தின் கல்வி இலாகா ஏறக்குறைய திருச்செங்கோட்டுக்காரர்கள் கையில் இருந்த காலம் அது. ஒருவர் 1953-இல் முதலமைச்சராக அரைநாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்து, ‘குலக்கல்வி’ என்ற பெயர் வாங்கி, மறு ஆண்டு பதவி விட்டார். மற்றவர் பிள்ளைகள் படித்த இடம் மேலே சொன்னது. இதில் யாரையும் குற்றக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அதே மண்ணில் ஆடு மேய்த்த பண்ணையாள் சிறுவர்களைப் பற்றி, 2000-இல் வந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலை ஒருமுறை படித்தவர்களுக்கு, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் கவுண்டர் வீட்டு ஆடுகளோடு வளர்ந்த பிள்ளைகள் நினைவை விட்டுப் போவதில்லை.

வாசல் அகலமானது காமராசர் காலத்தில். நடந்து போகும் தூரத்தில் பள்ளி, 1956-இலிருந்து மதிய உணவு, இலவசக் கல்வி. அக்காலத்துப் பதிவேடுகளின் பிறந்த தேதிக் கட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் பையனுக்கு ஐந்து வயது முடிந்தது. தேதி தெரியாத தாய், ‘மாரியம்மன் நோம்பி சாட்டின வாரம்’ என்பாள். வாத்தியார் மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியைப் போட்டு எழுதிவிடுவார். ஊரில் பாதிப் பேர் ஓய்வுபெற்றது அந்தக் கற்பனைப் பிறந்தநாளை வைத்துத்தான். முதல் தலைமுறை வாத்தியார்கள், வி.ஏ.ஓ.க்கள், பேங்க் குமாஸ்தாக்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி முதலாளிகள் எல்லாரும் இந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள். பலகைக்கு இவர்கள் போதாது என்று நினைப்பது பலகை எழுதுபவரின் கண் கோளாறு.

பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை. அதன் காரணங்களைத்தான் சேர்த்துப் பார்ப்பதில்லை. 1978-இல் பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யூ.சி.யும் போய்ப் பிளஸ் டூ வந்தது. கல்லூரி வாசலில் நின்ற தேர்வு பள்ளிக்குள் வந்து உட்கார்ந்தது. 1984-இலிருந்து தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு தனியாக இருந்தது. 2007-இல் அதுவும் எடுக்கப்பட்டது. அதிலிருந்து 2016 வரை, மருத்துவமோ பொறியியலோ, பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே கணக்கு. 1200-க்கு எத்தனை, கட்-ஆஃப் 200-க்கு எத்தனை, எத்தனை பாடத்தில் சென்டம் என்பதே வீட்டுக்கு வீடு பேச்சு.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பெருகியது இந்தச் சூழலில். லாரியும் கோழிப்பண்ணையும் கட்டி, முதலைப் போட்டுக் கூட்டாளிகளோடு தொழில் நடத்திப் பழகிய மண். ஊர்க்காரர்களே ‘பிராய்லர் பள்ளி’ என்று கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள் பிள்ளையும் அங்கே சேர்ந்தது. ஜூன் மாதத்தில் டிரங்குப் பெட்டி, பிளாஸ்டிக் வாளி, சுருட்டிய பாய், ஊறுகாய் பாட்டில் சகிதம் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இறங்கின. பார்க்க அனுமதித்த ஞாயிறுகளில் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து, பிள்ளைக்கு ஊட்டியபடியே அம்மா கேட்கும் முதல் கேள்வி: “ரிவிஷன் டெஸ்ட்ல எவ்வளவு சாமி?”

நூறாண்டு முன்பு இந்தச் சமவெளிப் பிள்ளைகள் படிப்புக்கு வெளியூர் போனார்கள். இப்போது மாநிலமே இங்கே வந்தது. பலகையும் மாறியது. மரப்பலகை போய் பிளெக்ஸ் வந்தது. பஸ் ஸ்டாண்டு முகப்பில் நாற்பது ஐம்பது முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். பழைய பலகைக்கு ஒருவர் வந்து சேர ஐம்பது வருடம் வாழ்ந்து எதையாவது செய்து காட்ட வேண்டியிருந்தது. பிளெக்ஸில் பதினேழு வயதிலேயே புகழ் முடிந்து, அடுத்த மே மாதம் துணி கிழிக்கப்பட்டுக் கோழிக் கொட்டகைக்குப் படுதாவாகிறது.

2017 ஒரு திருப்பம். பொதுத் தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த வழக்கத்துக்கு எதிராக, 2017–18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 1200 என்ற மந்திர எண் 600 ஆனது. மருத்துவத்துக்கு நீட் வந்தது. விடுதிகள் நீட் பயிற்சிக்குத் திரும்பிக்கொண்டன; வகுப்பறையும் கட்டிலும் தயாராகத்தானே இருந்தன.

‘இவர் எந்தப் பள்ளி மாணவர்’ என்ற கேள்விக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பத்து வரை பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி. கடைசி இரண்டு வருடம் ரெசிடென்ஷியல். பத்து வருடம் வைத்திருந்த இரண்டு பள்ளிகளும் டி.சி.யில் ‘மேற்படிப்புக்காக’ என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடும். பிளெக்ஸ் அடிப்பது மூன்றாவது பள்ளி. புதிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ‘முன்பு பயின்ற பள்ளி’ என்று ஒரு குறுகிய கட்டம் இருக்கிறது. பத்து வருடமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது, அந்தக் கட்டத்துக்கு முதன்முறையாக விலை வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. இன்ன பள்ளியின் மாணவர் யார் என்பதற்கு விழா மேடைப் பேச்சு தராத வரையறையைச் சட்டம் தந்துவிட்டது. இப்போது கலந்தாய்வுக் காலத்தில் தலைமையாசிரியர் அறைக்கு முன் ஆட்கள் நிற்கிறார்கள். பீரோ திறக்கிறது, பதிவேட்டின் தூசி தட்டப்படுகிறது, ஆறாம் வகுப்புச் சேர்க்கை எண்ணைத் தேடிப் பக்கங்கள் புரள்கின்றன. எழுத்தர் எண்ணைப் பார்த்துச் சான்றிதழில் ஏற்றுகிறார், தலைமையாசிரியர் முத்திரை குத்துகிறார். பலகை சுவரிலேயே இருக்கிறது; வந்தவர்கள் அதைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பள்ளிக்கு, ஒன்பதாம் வகுப்புக்கான சான்றிதழ் வாங்கப் பஸ் ஏறுகிறார்கள்.