வங்கியாளர் கண்ட கற்காலம்

நம் நாட்டு நாட்காட்டிகளில் ‘வங்கி விடுமுறை’ என்னும் தொடரைக் காணாதவர் இலர். அத்தொடரின் பிறப்பைத் தேடிச் செல்வோர், 1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறைவேறிய சட்டமொன்றையும், அதனைக் கொணர்ந்த சேர் ஜோன் லபொக் என்னும் வங்கியாளரையும் சந்திப்பர்.

லபொக் 1834ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் வங்கி முதல்வர், கணிதத்திலும் வல்லவர். 1842இல் சார்ள்ஸ் டார்வின் கென்ற் மாகாணத்தில் அயலவராய்க் குடியேறியமை சிறுவனின் பெரும்பேறாயிற்று. பதினைந்து வயதளவிலேயே பள்ளியை விட்டு வங்கியில் அமர்ந்த லபொக் பல்கலைக்கழகம் புகுந்தாரல்லர். பகற்பொழுது கணக்கேடுகளுக்கு உரியதாயிற்று. எஞ்சிய பொழுது கல்விக்கு உரியதாயிற்று. டார்வினே அவருக்கு ஆசானானார்.

டென்மார்க்கின் சிப்பி மேடுகளையும் சுவிற்சர்லாந்தின் ஏரிக் குடியிருப்புகளையும் அவர் நேரிற் சென்று ஆராய்ந்தார். 1865இல் வெளியான ‘வரலாற்றுக்கு முற்பட்ட காலங்கள்’ என்ற நூலில், கல்லைச் செதுக்கிக் கருவி செய்த காலத்தைப் பழைய கற்காலம் என்றும், அதனைத் தேய்த்து மெருகிட்ட காலத்தைப் புதிய கற்காலம் என்றும் வகுத்தார். இன்றும் மாணவர் பயிலும் பெயர்கள் அவை.

1870இல் பாராளுமன்றம் புகுந்த லபொக், மறு ஆண்டே விடுமுறைச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். தவணை முடிந்த உண்டியலுக்கு அன்றே பணம் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கும்வரை வங்கிகள் கதவடைத்தல் இயலாது. குறித்த நாட்களில் முதிரும் உண்டியல்களை மறுநாள் தீர்க்கலாம் எனச் சட்டம் இடங்கொடுத்தது. வங்கி மூடவே வாணிகமும் ஓய்ந்தது. உழைப்பாளர் கடற்கரை கண்டனர். நன்றியுற்ற மக்கள் அந்நாட்களைப் ‘புனித லபொக் திருநாள்’ என்று வேடிக்கையாக அழைத்தனர்.

ஏவ்பரி என்னும் ஊரிலே தொன்மையான கல்வட்டத்தின் நிலத்தில் வீடுகள் எழவிருந்தபோது, அந்நிலத்தை அவர் தம் பணத்தால் வாங்கிக் காத்தார். பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டத்திற்காக 1873 முதல் போராடினார். ‘தனியார் சொத்தில் அரசு தலையிடுவதா?’ என்ற எதிர்ப்பால் பன்முறை தோற்று, 1882இல் வெற்றி கண்டார்.

எனினும் அவர் அறிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1870இல் எழுதிய ‘நாகரிகத்தின் தோற்றம்’ என்ற நூலில், தம் காலத்துப் பழங்குடிகளை ஐரோப்பாவின் கற்கால மனிதருக்கு ஒப்பிட்டு, மனித வளர்ச்சியின் தாழ்ந்த படியில் நிறுத்தினார். இக்கொள்கையைப் பிற்கால மானிடவியல் தள்ளிவிட்டது. எல்லா மக்களுக்கும் பின்னால் நெடிய வரலாறு உண்டென்பதே இன்றைய தெளிவு.

1900இல் ஏவ்பரிப் பிரபுவாகி, 1913இல் மறைந்தார் லபொக். மாண்டவர் விட்டுச்சென்ற கற்களை நேரிலே கண்டு, கையிலெடுத்து ஆராய்ந்த அவர், வாழ்ந்துகொண்டிருந்த பழங்குடி மக்களையோ பெரும்பாலும் பிரயாணிகளும் பாதிரிமாரும் எழுதிய ஏடுகள் வழியாகவே அறிந்தார். கற்களைப் பற்றி அவர் சொன்னது நிலைத்தது. அம்மக்களைப் பற்றி அவர் சொன்னது நிலைக்கவில்லை.