பம்பரிலிருந்து அடிச்சட்டத்துக்கு: அமெரிக்க இழுவைக் கொக்கியின் வரலாறு

குடும்பக் காரின் பின்னால் டிரெய்லர் பூட்டி இழுக்கும் வழக்கம் அமெரிக்காவில் கார் பரவத் தொடங்கிய காலத்திலேயே வேர்விட்டது. 1914-இல் டெட்ராய்ட் மரவணிகர் ஃபிரெடெரிக் சிப்லி தம் படகைக் கோடை வீட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்பியபோது, ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்னும் கொல்லர் ஃபோர்டு மாடல் டி காரோடு பூட்டத்தக்க இரு சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். இன்றைய சரக்கு லாரித் தொழிலின் ஒரு பெருங்கிளை இந்த ஓய்வுநாள் ஆசையிலிருந்து முளைத்தது. 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் 'கிளிப்பர்' வெளிவந்தபோது, சமையலறையும் படுக்கையும் கொண்ட வீட்டையே கார் இழுக்கத் தொடங்கியிருந்தது.

இழுக்கப்படும் பொருள் இவ்வாறு வளர்ந்தபோதும் இணைப்பு அதே வேகத்தில் வளரவில்லை. 1945-இல் தோன்றிய யூ-ஹால் நிறுவனம் டிரெய்லர்களை வாடகைக்கு விட்டது. வாடிக்கையாளரின் கார் எதுவாயினும் பொருந்த வேண்டியிருந்ததால், பம்பரில் கவ்வியால் இறுக்கும் கொக்கியே அதற்கு ஏற்றதாயிற்று. மோதலைத் தாங்கவென அமைந்த பம்பரை இழுவைக்குப் பயன்படுத்தியது இலேசான சுமைக்கு ஒத்துவந்தது என்பதைத் தவிர அதில் மெச்ச வேறொன்றும் இல்லை.

உண்மையான சிக்கல் இழுவிசையில் இல்லை, பாரத்தில் இருந்தது. டிரெய்லரின் முன்நீண்ட ஏர்க்கால் கொக்கியின்மேல் செலுத்தும் கீழ்நோக்கிய எடை 'முன்பாரம்' எனலாம்; அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும் என்று மாட்டுவண்டிக்காரர் அறிந்ததே இங்கும் நேர்கிறது. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் அது டிரெய்லரை வால்போல் இருபுறமும் ஆட்டி, காரையும் இழுத்துக் கவிழ்க்கக்கூடும். மாறாக, 4,000 பவுண்டு (சுமார் 1,800 கிலோ) டிரெய்லர் ஒன்று 400 முதல் 600 பவுண்டு வரை காரின் பின்முனையில் ஏற்றும்போது, பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் மேலுள்ள அழுத்தம் குறைந்து, ஸ்டியரிங் பிடிமானம் இழக்கும். இதற்கு விடையாகவே எடைப்பகிர்வுக் கொக்கி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவியது: ஏர்க்காலின் இருபுறமும் செல்லும் இரு வில்லெஃகுக் கம்பிகளைச் சங்கிலியால் மேல்நோக்கி இழுத்து இறுக்கும்போது, முன்பாரத்தில் ஒரு பகுதி காரின் முன்னச்சுக்கும் மற்றொரு பகுதி டிரெய்லரின் அச்சுக்கும் நகர்கிறது.

1970-களில் பாதுகாப்பு விதிகளால் பம்பர்கள் அதிர்வை உள்வாங்கும் அமைப்பாக மாறியபின், கவ்விக்குப் பொருத்தமான இடம் இல்லாமற்போனது. காரின் அடிச்சட்டத்தில் போல்ட்டால் பிணைத்த சதுரக் குழாயில் கொக்கியைச் செருகும் 'ரிசீவர்' முறை வழக்காயிற்று. இழுதிறனைக் கொண்டு கொக்கிகள் வகுக்கப்பட்டன: முதல் வகுப்பு 2,000 பவுண்டு, இரண்டாவது 3,500 பவுண்டு, அதற்கு மேலும் வகுப்புகள் உண்டு. கொக்கியின் முனையில் டிரெய்லர் அமரும் இணைப்புக் குண்டின் விட்டமும் 1⅞, 2, 2 5/16 அங்குலம் எனப் பிரிந்தது. டிரெய்லரின் ஏர்க்கால் முனையிலுள்ள 2 அங்குலக் கிண்ணத்தை 1⅞ அங்குலக் குண்டில் கவிழ்த்தால் பூட்டு விழுந்ததுபோலவே தோன்றும். மேடுபள்ளத்தில்தான் அது கழன்று எழும்.

மூன்றாம் வகுப்புக் கொக்கியைப் பொருத்தினாலும், கார் தயாரிப்பாளர் குறித்த வரம்பு 2,000 பவுண்டு எனில், அந்தக் கார் இழுக்கத்தக்க எடை 2,000 பவுண்டு மட்டுமே.