எழுத்துக்கு எண் வந்த வரலாறு

கணிப்பொறி நிரல் எழுதப் பயிலும் மாணவர்க்குத் தொடக்கத்தில் தரப்பெறும் பயிற்சிகளுள் ஒன்று, எழுத்தை அதன் குறியெண்ணாக மாற்றிக் காட்டுதல். ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்தை இட்டால் 65 என விடை வரும். 1963இல் வகுக்கப்பெற்ற ‘ஆஸ்கி’ தரம் தந்த எண் அது. ‘அ’ இட்டால் 2949. ‘தமிழ்’ என இட்டாலோ 2980, 2990, 3007, 2996, 3021 என ஐந்து எண்கள் நிற்கும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கணினியியல் பயிலும் நம் பிள்ளைகள், மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்தெண் ஏன் எனக் கேட்டால் விடை சொல்லும் கடமை தமிழாசிரியர்க்கே உரியது.

இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த ‘இஸ்கி’ தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவைத் தழுவி, 1991இல் வெளிவந்த யுனிகோடு முதற்பதிப்பு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. தேவநாகரிக்கு ஒத்த இடங்களிலேயே தமிழெழுத்துகள் அமர்த்தப்பெற்றன. நம்மிடம் இல்லாத வருக்க எழுத்துகளின் இடங்கள் வெறுமையாய் விடப்பட்டன. அகரமேறிய ‘ழ’ அடிப்படையாயிற்று. புள்ளி பின்னர் ஒட்டும் தனிக்குறியாயிற்று. தொல்காப்பியர் நெறியோ இதற்கு நேர்மாறு. அங்கே புள்ளியுடைய மெய்யே முதலெழுத்து. உயிர் வந்து கூடியபின் பிறப்பது உயிர்மெய். ஆகவே நமக்கு ஒன்றாகிய ‘ழ்’ கணிப்பொறிக்கு இரண்டு. நமக்கு இரண்டன் கூட்டமாகிய ‘ழ’ அதற்கு ஒன்று.

நெடுங்கணக்கின் வரிசையும் குலைந்தது. ழ, ள, ற, ன என இறுதியில் நிற்கவேண்டியவற்றுள் ‘ன’ நகரத்தை அடுத்தும், ‘ற’ ரகரத்தை அடுத்தும் புகுந்தன. ‘ள’ ழகரத்தை முந்தியது. நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்வோம். அகராதி நெறிப்படி வழுதாவூர் முன்னும் வளவனூர் பின்னும் வரவேண்டும். எண்ணை மட்டும் நம்பி அடுக்கும் நிரலில் வளவனூர் முந்திவிடும்.

குறை களைய முயற்சிகள் நிகழாமல் இல்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யுனிகோடுடன் ‘டேஸ் 16’ முறையையும் தரமாக ஏற்றது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியெண் உண்டு. இலக்கணத்திற்கு இயைந்தது அதுவே என்பது என் துணிபு. எனினும் உலகம் யுனிகோடில் எழுதத் தொடங்கிவிட்டது. ஒருமுறை தந்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யுனிகோடு அமைப்பின் உறுதி. மாற்றினால் அதுவரை எழுதியவை அனைத்தும் சிதையுமாதலின் அவ்வுறுதியைக் குறை கூறவும் இயலாது. வரிசைக்கெனத் தனி அட்டவணை ஒன்றை அவ்வமைப்பே வகுத்துள்ளது. அதனைப் பயன்கொள்ளும் நிரலில் ழகரம் தன் இடத்திற்கு மீளும்.

எழுத்தெண்ணிப் பாடும் நம் கவிஞர்க்கு வேறொரு கணக்கும் உண்டு. கட்டளைக் கலித்துறையில் நேரசை முதலாகிய அடிக்கு 16 எழுத்து, நிரையசை முதலாயின் 17. ஒற்று கணக்கில் சேராது. இதனைச் சரிபார்க்க நிரல் எழுதுவோர், வந்த எண்களுள் உயிர்க்குறியையும் புள்ளியையும் முதலில் கழிக்கவேண்டும். பின்னர்ப் புள்ளி பெற்ற மெய்யையும் கழிக்கவேண்டும். ‘தமிழ்’ ஐந்திலிருந்து மூன்றாகி, யாப்பிற்கு இரண்டாகும்.