மோன் பிளாங்: மலைப்பாதையும் பனிநிலையும்

மோன் பிளாங் (பிரெஞ்சு மொழியில் ‘வெள்ளை மலை’) பிரான்ஸ், இத்தாலி எல்லையில் உள்ள ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயரமான சிகரம். இதன் உச்சி பாறையால் ஆனதன்று. சுமார் 4,792 மீட்டர் உயரத்தில் முடியும் பாறை முனையின் மேல் பல மீட்டர் தடிமனுள்ள பனிக்கவிகை ஒன்று அமர்ந்திருக்கிறது. காற்றும் பனிப்பொழிவும் இக்கவிகையை வளர்க்கவும் குறைக்கவும் செய்வதால் மலையின் உயரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2001 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நில அளவையாளர்கள் இதை அளந்து வருகின்றனர். 2007-இல் 4,810.90 மீட்டர் என்றும், 2021-இல் 4,807.81 மீட்டர் என்றும், 2023-இல் 4,805.59 மீட்டர் என்றும் பதிவாயிற்று.

உச்சிக்குச் செல்லும் பாதையின் நிலையும் இதுவே. சபரிமலை, பழனி போன்ற இடங்களில் படியும் தடமும் நிலையானவை. மோன் பிளாங்கில் பாதை என்பது பெரும்பாலும் அந்த ஆண்டின் பனி மேல் விழுந்த காலடித் தடமே. சென்ற ஆண்டு நடந்த இடத்தில் இவ்வாண்டு பனிப்பிளவு வாய் திறந்திருக்கக்கூடும். இம்மலையேற்றத்தின் வரலாற்றை முதலில் ஏறியவர்களின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் எந்தப் பனியில் எவ்வழியே ஏறினார்கள், அவ்வழியை ஏன் கைவிட்டார்கள் என்று பார்க்கும்போதுதான் அவ்வரலாறு நன்கு விளங்குகிறது.

முதல் ஏற்றமும் பனியில் இரவு தங்குதலும்

1760-இல் ஷமோனி பள்ளத்தாக்குக்கு வந்த ஜெனீவா அறிவியலாளர் ஓராஸ் பெனடிக்ட் டி சொசூர், மோன் பிளாங்கின் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எவரும் அப்பரிசைப் பெறவில்லை. ஏற்றத்தின் கடுமை மட்டும் இதற்குக் காரணமன்று. ஒரே பகலில் ஏறி இறங்க முடியாத மலை இது. பனியின் மேல் இரவு தங்குபவர் உயிரோடு திரும்பமாட்டார் என்று உள்ளூர் மக்கள் உறுதியாக நம்பினர். ஆகவே ஏறச் சென்றவர்கள் அனைவரும் இருட்டுமுன் திரும்பிவிடக் கணக்கிட்டனர். அந்தக் கணக்கே அவர்களைத் தோற்கடித்தது.

1786 ஜூன் மாதத்தில் ஜாக் பால்மா என்ற படிகக்கல் சேகரிப்பாளர், உடன் வந்தவர்களிடமிருந்து பிரிந்து பனியின் மேலேயே ஓர் இரவைக் கழித்துவிட்டு உயிருடன் இறங்கினார். மோன் பிளாங் வரலாற்றின் உண்மையான திருப்புமுனை இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. அவ்வாண்டு ஆகஸ்ட் 7 அன்று பால்மாவும் ஷமோனியின் மருத்துவர் மிஷேல் கப்ரியேல் பக்காரும் புறப்பட்டு, போசோன், தாக்கோனா ஆகிய இரு பனியாறுகளுக்கு இடைப்பட்ட பாறை முகட்டின் மேற்பகுதியில் இரவு தங்கினர். மறுநாள் விடியுமுன் பனியில் இறங்கி, மாலை 6 மணி 23 நிமிடத்தில் உச்சியை அடைந்தனர். அவர்களிடம் கயிறு இல்லை, பனிக்கோடரியும் இல்லை. நீண்ட கோல்கள் மட்டுமே இருந்தன. பனிப்பிளவுகளின் குறுக்கே அக்கோல்களைக் கிடத்தி அவற்றின் மேல் தவழ்ந்து கடந்தனர். பக்கார் உயரம் கணிக்க ஒரு காற்றழுத்தமானியையும் சுமந்து சென்றார். நிலவொளியில் இறங்கித் திரும்பியபோது பனியின் கூசொளி பட்டு அவர் தற்காலிகமாகப் பார்வை இழந்திருந்தார். புகழ் முழுவதும் நெடுங்காலம் பால்மாவுக்கே சென்றது. பக்காரின் பங்கு இருபதாம் நூற்றாண்டில்தான் உரிய இடத்தைப் பெற்றது.

மறு ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சொசூரே பதினெட்டு வழிகாட்டிகளுடனும் ஒரு பணியாளுடனும் உச்சியை அடைந்தார். அதன்பின் பால்மா, பக்கார் சென்ற தடமே ‘மோன் பிளாங் பாதை’ ஆயிற்று. கிரான் முலே என்ற பாறைத்தீவு வரை பனியாற்றின் வழியே ஏறி, கிரான் பிளாத்தோ என்ற பனிமேடையைக் கடந்து, அதன் மேலுள்ள செங்குத்துப் பனிச்சரிவின் வழியே உச்சிக்குச் செல்வது அப்பாதை. அந்தக் கடைசிச் சரிவில்தான் ஆபத்து இருந்தது.

1820: ஹாமெல் குழுவின் விபத்து

1820 ஆகஸ்டில் ரஷ்யப் பேரரசரின் பணியில் இருந்த இயற்கையியலாளர் டாக்டர் ஜோசப் ஹாமெல், இரண்டு ஆங்கிலேயர்களுடனும் ஷமோனி வழிகாட்டிகளுடனும் மலையேறப் புறப்பட்டார். கிரான் முலே பாறையில் மோசமான வானிலை அவர்களைத் தடுத்து நிறுத்தியது. மேலே புதுப்பனி விழுந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 20 காலை வானம் தெளிந்தது. ஏறுவதா, இறங்குவதா என்ற கேள்வி எழுந்தபோது குழுவில் ஒருவர் மேலே வர மறுத்துப் பாறையிலேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் ஏறினர்.

கிரான் பிளாத்தோவுக்கு மேலுள்ள சரிவை அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குறுக்கே கடந்துகொண்டிருந்தனர். இறுகிய பழம்பனியின் மேல் புதுப்பனி ஒட்டாமல் கிடந்தது. வரிசையாக நடந்தவர்களின் கால்கள் அப்புதுப்பனியில் நீண்ட வெட்டுக்கோடு போலப் பதிய, கோட்டுக்கு மேலிருந்த பனி முழுவதும் நழுவி அனைவரையும் கீழே தள்ளிச் சென்றது. முன்னால் சென்ற பியர் பால்மா, பியர் கரியே, ஒகுஸ்த் தெராஸ் ஆகிய மூன்று வழிகாட்டிகள் கீழேயிருந்த பனிப்பிளவுக்குள் விழுந்து புதைந்தனர். மற்றவர்கள் நெடுநேரம் தேடியும் பயனில்லை.

ஹாமெல் வழிகாட்டிகளைக் கோழைகள் என்று இகழ்ந்து ஏறவைத்தார் என்று பின்னர் ஒரு கதை பரவியது. அது எவ்வளவு உண்மை என்பது வாதத்துக்குரியது. கதை பொய்யாகவே இருந்தாலும் நிலைமை ஒன்றுதான்: கூலி கொடுப்பவர் ஏற விரும்புகிறார், பனியை அறிந்தவர் கூலி வாங்குபவராக இருக்கிறார். புதுப்பனிக்குப் பின் முதல் தெளிந்த நாள், ஏறுவதற்கு ஏற்ற நாளாகக் கண்ணுக்குத் தெரியும். பனிச்சரிவுக்கும் அதுவே ஏற்ற நாள். விழுந்த பனி இறுகிப் பிடிப்பதற்கு ஓரிரு நாள் அவகாசம் வேண்டும். இன்று மலையேற்றப் பயிற்சியின் தொடக்கப் பாடங்களில் ஒன்றாக இருக்கும் இச்செய்தி அன்று அனுபவசாலிகளின் உள்ளுணர்வாக மட்டுமே இருந்தது. உள்ளுணர்வை வாதத்தில் நிறுவுவது கடினம்.

அடுத்த ஆண்டே, 1821-இல், ஷமோனி வழிகாட்டிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தனர். உலகின் முதல் மலைவழிகாட்டிகள் சங்கம் இதுவே. வழிகாட்டிகளைச் சுற்றுமுறையில் அனுப்புவதற்கும், விபத்துக்குள்ளானவர்களின் குடும்பங்களுக்கு உதவுவதற்கும் அது வழி செய்தது. பாதையும் மாறியது. 1827-இல் சார்லஸ் ஃபெலோஸ், வில்லியம் ஹாஸ் ஆகியோரின் குழு பழைய சரிவைத் தவிர்த்து, அதற்குக் கிழக்கே ‘காரிடார்’ எனப்படும் பள்ளத்தின் வழியே ஏறியது. அதுவே சில பத்தாண்டுகளுக்கு வழக்கமான வழியாயிற்று. இருப்பினும் பழைய வழியின் கவர்ச்சி முழுவதும் அகலவில்லை. அது குறுகிய வழி. 1866 அக்டோபரில் ஹென்றி ஆர்க்ரைட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியும் உடன் சென்ற மூவரும் அதே சரிவில் பனிச்சரிவுக்குப் பலியாயினர்.

பனியாறு திருப்பித் தந்தவை

பனியாறு என்பது மெல்ல நகரும் பனிக்கட்டி. மேலே விழுந்த பொருள் உள்ளே புதைந்து, பனிக்கட்டியுடன் கீழே நகர்ந்து, உருகும் முனையில் வெளிப்படும். பனியாறுகளின் வேகத்தை அளந்த ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ், ஹாமெல் குழுவில் இறந்தவர்களின் எச்சங்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் கீழே வெளிப்படும் என்று கணித்தார். 1861 ஆகஸ்டில் போசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் எலும்புகளும் உடைத் துண்டுகளும் கருவிகளும் கிடைத்தன. சமைத்த ஆட்டுத்தொடை ஒன்றும் அவற்றில் இருந்தது. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் உயிர் தப்பிய வழிகாட்டி ஒருவர் முதியவராக அப்போதும் வாழ்ந்துவந்தார். தம் தோழர்களின் எச்சங்களை அவரே அடையாளம் காட்டினார். ஆர்க்ரைட்டின் உடல் 1897-இல் வெளிவந்தது.

இந்தியர்களுக்கும் இப்பனியாற்றோடு துயரமான தொடர்பு உண்டு. 1950 நவம்பர் 3 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்ற ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங்கில் மோதி 48 பேர் இறந்தனர். 1966 ஜனவரி 24 அன்று ‘கஞ்சன்ஜங்கா’ என்ற ஏர் இந்தியா போயிங் 707 விமானம் ஏறத்தாழ அதே இடத்தில் மோதி 117 பேர் இறந்தனர். இந்திய அணுவியல் திட்டத்தின் தந்தை ஹோமி பாபா அவர்களுள் ஒருவர். 2012-இல் இந்திய வெளியுறவுத் துறையின் அஞ்சல் பை ஒன்றும், 2020-இல் இந்திரா காந்தி பிரதமரான செய்தியைத் தாங்கிய இந்திய நாளிதழ்களும் போசோன் பனியாற்றில் கிடைத்தன.

கூத்தே வழி

காரிடார் வழியின் மேலும் பனிக்கட்டித் தூண்கள் தொங்கிக்கொண்டிருந்ததால், அபாயம் குறைந்த முகட்டு வழி தேடப்பட்டது. 1861-இல் லெஸ்லி ஸ்டீபனும் பிரான்சிஸ் டக்கெட்டும் கூத்தே குவிமாடத்தைக் கடந்து போஸ் முகட்டின் வழியே உச்சியை அடைந்தனர். முகட்டில் பனிச்சரிவு அச்சம் குறைவு. மாறாக, காற்றுக்கு மறைவில்லை. புயலில் சிக்கினால் என்னவாகும் என்பதை 1870 செப்டம்பர் காட்டியது. உச்சிப்பகுதியில் வழி தவறிய மூன்று பயணிகளும் எட்டு வழிகாட்டி, சுமைதூக்கிகளும் பனியைக் குடைந்து ஒதுங்கியும் பிழைக்கவில்லை. 1890-இல் ஜோசப் வல்லோ என்ற அறிவியலாளர் இம்முகட்டின் கீழே ஆய்வகமும் ஒதுங்கிடமும் கட்டினார். வல்லோ குடில் என்ற பெயரில் அவசரகால ஒதுங்கிடம் ஒன்று இன்றும் 4,362 மீட்டர் உயரத்தில் உள்ளது. உச்சியிலேயே ஆய்வகம் கட்ட விரும்பிய ஜூல் ஜான்சன், அடியில் பாறை எட்டாததால் 1893-இல் பனியின் மேலேயே கட்டினார். அது மெல்லப் பனிக்குள் அமிழ, 1909-இல் அகற்றப்பட்டது.

இன்று கோடையில் மிகுதியானோர் செல்லும் வழி கூத்தே வழிதான். நீ தெகிள் வரை மலை இரயில், அங்கிருந்து 3,167 மீட்டரில் உள்ள தெத் ரூஸ் குடில், பின்னர் பாறை முகட்டில் ஏறி 3,835 மீட்டரில் உள்ள கூத்தே குடில். உச்சிக்கான நடை அங்கிருந்து நள்ளிரவு கழிந்து தொடங்குகிறது. இரவுக் குளிரில் பனி இறுகி, காலணியில் பூட்டிய இரும்பு முட்கள் நன்றாகப் பிடிக்கும். பனிப்பிளவுகளின் மேலுள்ள பனிப்பாலங்களும் அப்போது வலுவாக இருக்கும். வெயில் ஏறியதும் அதே பனி முழங்கால் வரை இளகிவிடும்.

ஆனால் இவ்வழியின் மிகக் கொடிய இடம் உச்சியின் அருகே இல்லை. தெத் ரூஸ் குடிலைத் தாண்டியதும் குறுக்கிடும், நூறு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள ஒரு மலைச்சந்து அது. ‘சாவுச் சந்து’ என்பது அதன் பட்டப்பெயர். மேலிருந்து கற்கள் அதன் வழியே உருண்டு விழுகின்றன. 1990 முதல் 2017 வரை அப்பகுதியில் 102 பேர் இறந்தனர், 230 பேர் காயமடைந்தனர்.

இங்கே பனியின் பங்கு தலைகீழாகிறது. ஹாமெல் குழுவைக் கொன்றது பனியின் மிகுதி. இச்சந்தில் கொல்வது பனியின் குறைவு. கோடையின் தொடக்கத்தில் சந்து முழுவதும் பனி மூடியிருக்கும்போது கற்கள் அதில் பதிந்து நிற்கின்றன. பனி உருகியதும் அவை விடுபடுகின்றன. அதற்கும் மேலாக, பாறையின் விரிசல்களுக்குள் ஆண்டு முழுவதும் உறைந்திருந்து பாறைகளைச் சாந்துபோல் பிணைத்திருந்த பனிக்கட்டியே வெப்பம் மிகுந்த கோடைகளில் இளகத் தொடங்கியுள்ளது. அதிகாலையில் கல்வீழ்ச்சி குறைவு, பகல் ஏற ஏறக் கூடும். இதனால்தான் விடியற்காலையில் கடக்குமாறு அறிவுறுத்துகின்றனர். சந்தின் குறுக்கே கம்பிவடம் ஒன்று கட்டப்பட்டுள்ளது. அது வழுக்கி விழுவதைத் தடுக்கும், மேலிருந்து வரும் கல்லைத் தடுக்காது.

2003, 2015 ஆண்டுகளின் வெப்பக் கோடைகளில் இவ்வழியில் பயணம் தடைப்பட்டது. 2022 கோடையில் ஷமோனி வழிகாட்டிகள் இவ்வழியே பயணிகளை அழைத்துச் செல்வதை நிறுத்தினர். நிறுத்தச் சட்டம் இல்லாததால், வழிகாட்டி இல்லாதவர்கள் தொடர்ந்து ஏறினர். சினமுற்ற சேன் ஜெர்வே நகர மேயர், ஏறுபவர் ஒவ்வொருவரும் 15,000 யூரோ பிணைத்தொகை கட்டவேண்டும் என்று முன்மொழிந்தார். மீட்புச் செலவுக்கு 10,000, ஈமச்சடங்குக்கு 5,000 என்பது அவர் சொன்ன கணக்கு. இது ஒருவகையில் கண்டனக் குரல்தான், நடைமுறைக்கு வரவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் தெத் ரூஸ், கூத்தே குடில்கள் இரண்டும் மூடப்பட்டன. தங்க இடமில்லாத நிலையில் ஏறுபவர்களின் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. மழையும் குளிரும் வந்து பாறை ஓரளவு இறுகிய பின்னரே வழிகாட்டிகள் மீண்டும் அவ்வழியில் சென்றனர்.