பட்டுநூல்காரர் சங்கமும் சுங்குடி முடிச்சும்

மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து வந்த பட்டு நெசவாளர் சங்கம் 436-ல் அங்கே சூரியனுக்குக் கோயில் எழுப்பியது, 473-ல் அதைப் பழுதுபார்த்தது. இரண்டையும் வத்ஸபட்டி என்ற கவிஞர் பாடியிருக்கிறார். சங்கத்தாரில் சிலர் தறியை விட்டு வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் போனதையும் விடாமல் சொல்கிறார். பட்டுநூல்காரர் என்று அழைக்கப்படும் மதுரை சௌராஷ்டிரர்களான நாங்கள் அந்த நெசவாளர்களை எங்கள் முன்னோர்களாகவே எண்ணி வருகிறோம்.

மதுரையில் நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்கள்தான் எங்களுக்கு ஊர். ராணி மங்கம்மாள் காலத்தில், பிராமணர்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ஆவணி அவிட்டத்தைக் கொண்டாடியதற்காக எங்களவர் 18 பேரைப் பிடித்துப்போனார்கள். பண்டிதர்களை விசாரித்த அரண்மனை, 1705 வாக்கில் எங்கள் பக்கம் தீர்ப்பளித்து ஓலை எழுதிக் கொடுத்தது. பின்னர் 1895-ல் சௌராஷ்டிர சபை அமைந்தது.

கல்வெட்டு, ஓலை, சபை எல்லாவற்றிலும் ஆண்கள்தான் பேசுகிறார்கள். மதுரைக்குப் பேர் வாங்கித் தந்த சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்டுப் புள்ளி வைத்ததோ வீட்டுப் பெண்கள்.

என் பாட்டி இடது கை நகத்தை வெட்டவே மாட்டார். துணியின் மடிப்புக் கோடுதான் அவருக்கு அளவு. அதன்மேல் கடுகளவு துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுக்குவார். நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு. அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்திலும் மடியில் துணி கிடக்கும். முடிந்த சேலை சாயக்காரரிடம் போகும். சாயம் ஏறிக் காய்ந்தபின் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். சிவப்பிலும் கருநீலத்திலும் வெள்ளைப் புள்ளிகள் பூக்கும். கூலி முடிச்சுக் கணக்கில்தான் வரும். அது உழைப்புக்கு ஈடாக என்றைக்கும் இருந்ததில்லை.

2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் கடைகளில் இன்று பெரும்பாலும் தொங்குவது மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் புள்ளி வைத்த சேலை. அதை நெய்து அச்சடிப்பவர்களும் உழைப்பாளிகளே, அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கையால் முடிந்ததையும் அச்சடித்ததையும் ஒரே பெயரில் விற்பதுதான் தவறு. முடிச்சுப் போடும் பெண் பிழைக்க முடியாமல் போவது அதனால்தான்.

மதுரையில் புதுமண்டபம் பக்கமோ விளக்குத்தூண் பக்கமோ சுங்குடி வாங்கப் போனால் புள்ளியைத் தடவிப் பாருங்கள். முடிச்சுப் போட்ட புள்ளி கொஞ்சம் கோணலாக இருக்கும், துணி அங்கே சுருங்கி மேடாக நிற்கும். அந்தச் சேலைக்குக் கேட்ட விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.