சிஎன்சி நிரலாக்கம்: அடிப்படைப் பயிற்சி

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் லேத், மில்லிங் எந்திரங்களுக்கு எண்ணும் எழுத்தும் கலந்த ஆணைகளை எழுதுவதே சிஎன்சி நிரலாக்கம். துளைநாடா ஆணைகளால் இயங்கும் மில்லிங் எந்திரத்தை 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செய்துகாட்டியது. ஆந்திராவின் சத்தியவேட்டை ஒட்டி இசுசூ, ஆல்ஸ்டாம் ஆலைகளுடன் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் வளர்ந்துள்ளதால், இவ்வட்டார இளைஞர்களுக்கு இது பிழைப்போடு நெருங்கிய கல்வி.

இக்கல்வி, எந்திர அசைவுகளைக் குறிக்கும் ஜி-கோடு ஆணைகளைக் கையால் எழுதுவதில் தொடங்குவதே சரி. கேம் (கணினி உதவியுடன் உற்பத்தி) மென்பொருளே நிரலைத் தந்துவிடும்போது இது வீண் உழைப்பு என்பார்கள். சிக்கலான வளைபரப்புகளுக்கு மென்பொருள் இன்றியமையாதது என்பது உண்மைதான். ஆனால் ஜி01 வெட்டும் வேகத்தில் நகர்த்தும். ஜி00 முழு வேகத்தில் பாயும். ஓர் எண் மாறினால் உளி உலோகத்தில் மோதக்கூடும். எக்ஸ்10இல் நிற்கும் உளிக்கு எக்ஸ்20 என்று ஆணையிட்டால், பூச்சியப்புள்ளியிலிருந்து அளக்கும் ஜி90இல் அது 20க்குப் போகும், நிற்கும் இடத்திலிருந்து அளக்கும் ஜி91இல் 30க்கு. திரையில் ஓட்டிப் பார்த்தால் பிழை தெரியாதா? ஓரளவு தெரியும். ஆனால் மேசையில் பிடிப்பான் உண்மையில் எங்கே இருக்கிறது, பூச்சியப்புள்ளி சரியாக வைக்கப்பட்டதா என்பதைத் திரை அறியாது. வேகக் கணக்கும் அப்படியே: 50 மி.மீ. விட்டமுள்ள தண்டை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் கடைய, நிமிடத்துக்குச் சுழற்சி சுமார் 637. விட்டத்தை 5 என்று தவறாகப் போட்டால் அது பத்து மடங்காகும். தாளில் கணக்கிட்டுப் பழகியவர் எந்திரத்தை ஓட்டுமுன்பே அதைக் கண்டுபிடிப்பார்.