அஞ்சிய பூனையும் அடங்கிய இரைப்பையும்

1896ஆம் ஆண்டின் இறுதியில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளி மாணவராயிருந்த வால்டர் கேனன், புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டு செரிமானத்தை ஆராயத் தொடங்கினார். பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்கு ஊட்டி, இரைப்பையின் அலையசைவுகளைத் திரையில் நோக்கினார். பூனை அமைதியாயிருக்கும்வரை அலைகள் ஒழுங்காக எழுந்தன. அது கலங்கித் திமிறியதும் அடங்கின. அமைதி திரும்பியபின் மீண்டும் எழுந்தன. ஆய்வுக்கு இடையூறாக வந்த இதுவே பின்னர் அவருடைய ஆய்வுப்பொருளாயிற்று.

கலக்கத்தை வயிற்றுக்கு எடுத்துச்செல்வது நரம்பு மட்டுமா? 1911இல் கேனனும் தெ லா பாஸும், குரைக்கும் நாயைக் கண்டு அஞ்சிய பூனையின் குருதியை அட்ரினல் சுரப்பியை ஒட்டிய பெருஞ்சிரையிலிருந்து எடுத்து, அதில் குடல்தசைத் துண்டொன்றை இட்டனர். தசையின் சுருக்கம் நின்றது. அஞ்சுவதற்கு முன் எடுத்த குருதியில் அவ்வாறு நிகழவில்லை. அச்சம் குருதி வழியாகவும் செல்கிறது என்பது புலனாயிற்று.

1981இல் வைலி வேல் குழுவினர், 41 அமினோ அமிலங்களாலான சி.ஆர்.எஃப். என்னும் ஹார்மோனைச் செம்மறியாட்டு மூளையிலிருந்து பிரித்தறிந்தனர். மன அழுத்தத்தின்போது பிட்யூட்டரி வழியாக அட்ரினலைத் தூண்டுவது இதுவே. எலிகளின் மூளையில் இதனைச் செலுத்தியபோது இரைப்பை காலியாவது தாமதமாயிற்று. பெருங்குடலின் அசைவோ விரைவுற்றது. இரைப்பைக்கு அச்செய்தியைக் கொண்டுசெல்வதில் வேகஸ் நரம்புக்கும் பங்குண்டு.

பரிசோதனையில் புண்ணோ கட்டியோ தென்படாத வயிற்றுக் கோளாறை ‘வெறும் மனப்பிரமை’ என்று ஒதுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. தொடக்கம் மனத்தில் இருப்பினும், இரைப்பை நின்றுபோவது பிரமையன்று. கேனன் அதைத் திரையில் கண்டார்.